ஹட்டனிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்? விமானத் தூரம், பயண நேரம் பற்றி மலையகத்தார் கேட்கும் கேள்விகள்

ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று பெற்றோராவது விமான டிக்கெட்டை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வருவார்கள். "சேர், இதில் என்ன போட்டிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். சிலர் திருச்சிக்குப் போகிறவர்கள். சிலர் மகளை டுபாய்க்கு அனுப்புகிறவர்கள். அவர்கள் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும் இங்கே இருக்கின்றன. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலுள்ள தூரம் ஒன்று, நம் லயத்து வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் தூரம் வேறொன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் நம் சனங்கள் படும் அவதியைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு நேரம்?

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று இருக்கும்.

இந்த 420 எங்கிருந்து வந்தது? வானத்தில் யார் அளந்தது?

யாரும் அளக்கவில்லை, கணக்குத்தான். சாதாரண தரம் படிக்கும் பிள்ளையே செய்துவிடலாம்.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அகலக்கோடு, நெடுங்கோடு உண்டு. கட்டுநாயக்க வடக்கே 7.18 பாகை, கிழக்கே 79.88 பாகை. திருச்சி வடக்கே 10.77, கிழக்கே 78.71. வடக்குத் தெற்காக வித்தியாசம் 3.59 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று வைத்தால் 398 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக வித்தியாசம் 1.17 பாகை. நம் பக்கத்து அகலக்கோடுகளில் நெடுங்கோட்டுப் பாகை ஒன்று ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வருவதால், அது 129 கிலோமீட்டர். இப்போது இந்த இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் மூன்றாவது பக்கம் 418 கிலோமீட்டர்.

இணையத்தில் ஓரிடத்தில் 417 என்றும் இன்னோரிடத்தில் 419 என்றும் இருக்கும். பூமி முழு உருண்டையல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதைக் கணக்கில் எடுப்பவர் ஓர் எண்ணும், எடுக்காதவர் இன்னோர் எண்ணும் சொல்வார்கள். இரண்டும் சரிதான்.

தூரம் கூடக்கூட இந்த முக்கோணக் கணக்கு உதவாது. டுபாய், லண்டன் போன்ற தூரங்களுக்குப் பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எங்கள் வகுப்பறையில் வண்ணம் மங்கிப்போன பூகோள உருண்டை ஒன்று இருக்கிறது. அதில் கொழும்பில் ஒரு விரலையும் லண்டனில் ஒரு விரலையும் வைத்து, தைக்கிற நூலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். சுவரில் தொங்கும் படத்தில் நேராகத் தெரியும் கோட்டில் நூல் போகாது; அதற்கு வடக்கே ஒதுங்கி வளைந்து கிடக்கும். அந்த நூல் கிடக்கும் வழிதான் மிகக் குறுகிய வழி. பெரியவர்கள் வந்தாலும் இதைச் செய்துகாட்டுவேன். நூலை நிமிர்த்திவிட்டு மறுபடியும் இழுத்துப் பார்க்காதவர் இதுவரை யாருமில்லை.

ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறதாம். அப்படியானால் 420 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

நல்ல கேள்வி. ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் முழு உயரத்துக்குப் போன பிறகு மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அதே வேகத்தில் முழுத் தூரமும் பறந்தால் அரை மணி நேரம் போதும். ஆனால் டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் தரித்து நின்ற இடத்திலிருந்து அசையத் தொடங்கியது முதல், மறுமுனையில் நிறுத்தப்படும் இடத்துக்கு வந்து நிற்பது வரையான நேரம் அது. ஓடுபாதையின் நுனிவரை ஊர்ந்து போகவேண்டும், முறைக்காகக் காத்திருக்கவேண்டும், மேலேற வேண்டும், பிறகு வேகத்தைக் குறைத்து இறங்கவேண்டும். இறங்கும்போது காற்றுக்கு எதிராக ஓடுபாதையை அணுகுவதற்காகச் சுற்றி வரவும் வேண்டியிருக்கும்.

நானாகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: தூரத்தை வேகத்தால் வகுத்து, வருவதோடு அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். ஜெட் விமானங்களுக்கு அநேகமாகப் பொருந்திவரும். இதனால்தான் தூரம் இரண்டு மடங்கானாலும் நேரம் இரண்டு மடங்காவதில்லை. கட்டுநாயக்க–சென்னை ஏறத்தாழ 650 கிலோமீட்டர், திருச்சியைவிட ஒன்றரை மடங்கு. பயண நேரமோ இருபது முப்பது நிமிடந்தான் கூட.

விமானத்தில் கடல் மைல் என்று சொல்கிறார்களே, அது என்ன?

1,852 மீட்டர். பூமியின் சுற்றளவில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. ரோட்டு மைலைவிடச் சற்று நீளம்.

யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சி இன்னும் கிட்டத்தானே? பலாலிக்குப் போய் ஏறினால் என்ன?

வரைபடத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் இந்த ஆசை வரும். பலாலியிலிருந்து திருச்சி நேர்கோட்டில் 184 கிலோமீட்டர்தான். கட்டுநாயக்கவிலிருந்து உள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. முதலில் சென்னைக்குச் சேவை வந்தது; 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் தொடங்கியது.

ஆனால் இரண்டு விடயங்களைப் பாருங்கள். முதலாவது, அங்கே ஓடுபாதை குறுகியதாகையால் ஏடிஆர் 72 என்ற சுழலி விமானமே பறக்கிறது. எழுபது எண்பது பேர் போகக்கூடியது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். ஆகவே 184 கிலோமீட்டருக்கும் டிக்கெட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே போட்டிருக்கும். தூரம் பாதிக்கும் குறைவு, நேரமோ கட்டுநாயக்கவிலிருந்து போகும் அதே நேரம்.

இரண்டாவது, ஹட்டனிலிருந்து பலாலிக்குப் போகும் வழி. கண்டிக்கு இறங்கி, ஏ9 வீதியைப் பிடிக்கவேண்டும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை மட்டும் 321 கிலோமீட்டர். ஹட்டனிலிருந்து கூட்டினால் 390 அளவில் வரும். அதன் பிறகும் பலாலிக்கு யாழ் நகரிலிருந்து போகவேண்டும். வானத்தில் 236 கிலோமீட்டர் மிச்சம் பிடிப்பதற்காக ரோட்டில் 250 கிலோமீட்டர் கூடுதலாகப் போகிறோம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் போகிறவர்களுக்கு, நல்லூரையும் பார்த்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்குப் பலாலி சரி. மற்றவர்களுக்கு நான் சொல்வது கட்டுநாயக்கதான்.

மாத்தளையிலும் விமான நிலையம் இருக்கிறதாமே?

இல்லை. மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள், ஒருவர் டிக்கெட்டே பார்க்கத் தொடங்கிவிட்டார். நம் மாத்தளை கண்டிக்கு வடக்கே இருக்கிறது. விமான நிலையம் இருப்பது மத்தளவில். அது அம்பாந்தோட்டைக்குப் பக்கம், தெற்கே. 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது.

பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்கு மத்தள உண்மையில் கிட்ட. பதுளையிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 131 கிலோமீட்டர். மத்தள 79 தான். எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியாக இறங்கிவிடலாம், கொழும்பு நெரிசலும் இல்லை. ஆனால் அங்கிருந்து ஒழுங்காகப் பறக்கும் சேவைகள் மிகக் குறைவு. விமானம் இல்லாத நிலையம் எவ்வளவு கிட்ட இருந்தும் என்ன பயன்? முதலில் சேவை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு தூரத்தைப் பாருங்கள்.

மத்தளவிலிருந்து பலாலிக்கு விமானத்தில் எவ்வளவு நேரமாகும்?

இது என் மாணவன் ஒருவன் கேட்டது. நாட்டின் தென்கோடிப் பக்கமும் வடகோடிப் பக்கமும் உள்ள இரண்டு நிலையங்கள். நேர்கோட்டில் 407 கிலோமீட்டர். கட்டுநாயக்க–திருச்சித் தூரத்துக்கு ஏறத்தாழச் சமம். ஏடிஆர் விமானம் பறந்தால் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். இரண்டுக்கும் இடையே வழமையான நேரடிச் சேவை இல்லாததால் இப்போதைக்கு இது கணக்கு மட்டுமே. பஸ் மாறி மாறிப் போனால் ஒரு முழு நாள் போய்விடும்.

அந்தக் கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பார்த்தபோது வகுப்பே எழுந்து வந்துவிட்டது. பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் நடுவாகப் போகிறது கோடு. நம் மலைநாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் கோட்டின் இரு நுனியிலும் விமான நிலையம். நடுவில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் நம் மலையகத்தில் ஏன் ஒரு விமான நிலையம் கட்டக்கூடாது?

பயணிகள் ஜெட் விமானம் இறங்குவதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டமான நிலம் வேண்டும். அதோடு முடிவதில்லை. ஓடுபாதையின் இரு முனையிலும் பல கிலோமீட்டருக்கு உயரமான தடை எதுவும் இருக்கக்கூடாது. விமானம் தாழ்ந்து தாழ்ந்து வரவேண்டிய வழி அது. நம் பக்கத்தில் அப்படி ஒரு பள்ளத்தாக்கை எங்கே தேடுவது? ஓடுபாதை அளவுக்கு மட்டமான இடம் கிடைத்தாலும் வட்டவளை மழையும் நானுஓயாப் பனிமூட்டமும் இருக்கின்றன. உயரமான இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவாகையால் விமானம் எழும்புவதற்கு ஓடுபாதை இன்னும் நீளமாக வேண்டும்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சிறிய கடல் விமானங்கள் இறங்கியிருக்கின்றன. உல்லாசப் பயணிகளுக்கான அவற்றைக் கரையில் நின்று பார்த்தவர்கள் நம்மில் பலர்.

நம் மலைகளுக்கு மேல் விமானங்கள் ஏன் இவ்வளவு உயரத்தில் போகின்றன?

நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இதற்கு விடை அவர்களே சொல்வார்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு வந்த டிசி-8 விமானம் கொழும்பில் இறங்கி ஜித்தாவுக்குப் போகவிருந்தது. கட்டுநாயக்கவுக்கு இன்னும் 40 கடல் மைல் இருக்கும்போதே ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். இலங்கையில் நடந்த விமான விபத்துகளில் இதுவே மிகப் பெரியது. தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, நிலையம் கிட்டிவிட்டது என்று எண்ணி விமானிகள் முன்கூட்டியே தாழ்ந்துவிட்டார்கள். விமானத்தின் சில்லு ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த 40 கடல் மைல், அதாவது 74 கிலோமீட்டர், இறங்க வரும் விமானத்துக்குப் பத்து நிமிடத் தூரம். அந்தப் பத்து நிமிடக் கணக்குப் பிழைத்ததில் போன உயிர்கள் அவை. தூரம் என்ற பாடத்தைத் தொடங்கும்போது ஒவ்வொரு வருடமும் இதை நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

மலைப்பகுதியில் மிக உயர்ந்த இடத்தைவிட இரண்டாயிரம் அடியாவது மேலே பறக்கவேண்டும் என்பது விதி. நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 2,524 மீட்டர். இப்போது இடத்தைத் துல்லியமாகக் காட்டும் செய்மதிக் கருவிகளும், தரை நெருங்கினால் கத்தி எச்சரிக்கும் கருவிகளும் விமானங்களில் இருக்கின்றன.

காலை எட்டு மணிக்கு விமானம். ஹட்டனிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது. இதைக் கேட்காதவர்களுக்கும் நானே வலியச் சொல்லிவிடுவேன்.

ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 85 கிலோமீட்டர். ரோட்டில் கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி அதிவேகப் பாதையைப் பிடித்துப் போனால் ஏறத்தாழ 140. சமவெளியில் 140 கிலோமீட்டர் என்பது இரண்டு மணி நேரப் பயணம். நமக்கு நான்கு, ஐந்து மணி நேரம். நுவரெலியாவிலிருந்து என்றால் நேர்கோட்டில் 103. ரோட்டில் 170 அளவில், ஐந்து மணி நேரத்துக்கும் மேல். இது ஹட்டன் நகரத்துக் கணக்கு. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வரும் பாதையில், மழைக்காலத்தில், ஆட்டோ பத்துக் கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் எடுக்கும். அதை யாரும் எந்த இணையத்தளத்திலும் போடுவதில்லை.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். விமானம் எட்டு மணிக்கு. மூன்று மணி நேரம் முன்னதாக, ஐந்து மணிக்கு, நிலையத்தில் இருக்கவேண்டும். ரோட்டுக்கு ஐந்து மணி நேரம். ஆக நள்ளிரவு பன்னிரண்டு. தோட்டத்துப் பாதைக்கு ஒரு மணி நேரம். மண்சரிவு, மரம் விழுதல், பனிமூட்டம் என்று ஒரு மணி நேரமாவது ஒதுக்கவேண்டும். இரவு பத்து மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால்தான் நிம்மதி.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் சித்தியை ஏற்றிவிடப் போனபோது நான் இந்த ஒதுக்கீட்டை வைக்கவில்லை. இரவு ஒரு மணிக்குப் புறப்பட்டால் போதும் என்று சொன்னவனே நான்தான். கித்துல்கலைக்குக் கொஞ்சம் மேலே மண் சரிந்து, வாகனங்கள் வரிசையாக நின்றன. எங்கள் வேனுக்கு முன்னால் ஒரு மரக்கறி லொறி; அதன் பின்விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் மழை கம்பி கம்பியாக இறங்குவது மட்டுமே தெரிந்தது. சித்தி தேயிலைத்தூள் பொட்டலங்களைப் பழைய சேலைத் துணியில் வைத்துத் தைத்து, அந்த மூட்டையை மடியிலேயே வைத்திருந்தார். திருச்சியில் இருக்கும் தன் தம்பிக்கு. நாற்பது வருடத்துக்கும் மேலான பிறகு பார்க்கப் போகிறார். இரண்டு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டையின் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். வழி விட்டதும் சாரதித் தம்பி கவனம் தப்பாமல் ஓட்டி, ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொண்டுபோய் நிறுத்தினார். எட்டு மணி விமானத்துக்கு ஏழு மணிக்குப் பதிவு மேசையை மூடிவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் சித்தி போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து நான் யாருக்கும் ஒரு மணி என்று சொல்வதில்லை.

முடிந்தால் முதல் நாளே இறங்கி, வத்தளை, நீர்கொழும்புப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்குங்கள். மழைக்காலத்தில் புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். கோச்சியில் போகிறவர்கள் முதல் நாளே கொழும்புக்குப் போய்விடுவது நல்லது. மழையில் தண்டவாளத்தில் மண் விழுந்தால் கோச்சி எங்கே நிற்கும் என்று சொல்லமுடியாது.

ஆக, ஹட்டனிலிருந்து திருச்சி பறவைக்கு 478 கிலோமீட்டர். நமக்கு, வாசலிலிருந்து திருச்சி நிலையத்தின் வெளிவாசல் வரை, பன்னிரண்டு மணி நேரம். அதில் விமானத்தின் பங்கு ஒன்று.

டுபாய்க்குப் போகும்போது மூன்று மணி நேரம், வரும்போது ஆறு மணி நேரம் போல டிக்கெட்டில் தெரிகிறதே?

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் இருக்கும். டுபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஓர் உதாரணம்: மாலை 6.30க்குப் புறப்பட்டு இரவு 9.40க்குச் சேரும் என்றிருந்தால் மூன்று மணி பத்து நிமிடம் போலத் தெரியும். சேரும் நேரத்தோடு ஒன்றரை மணியைக் கூட்டுங்கள். நம் கடிகாரத்தில் அது 11.10. உண்மையான பயணம் நான்கு மணி நாற்பது நிமிடம்.

கட்டுநாயக்க–டுபாய் ஏறத்தாழ 3,290 கிலோமீட்டர். கடிகார வித்தியாசத்தைக் கழித்த பிறகும் வரும் பயணம் சற்றுச் சுருக்கமாகவே இருக்கும், முக்கியமாகக் குளிர்காலத்தில். அரபிக் கடலுக்கு மேலே, உயரத்தில், அந்தக் காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசும். போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் தள்ளும் காற்று.

00.30 என்று போட்டிருக்கிறது. அது பகலா, இரவா?

இரவு. நள்ளிரவு தாண்டி அரை மணி. இங்கேதான் திகதியைக் கவனிக்கவேண்டும். "15ஆம் திகதி 00.30" என்றால், 14ஆம் திகதி இரவுச் சாப்பாட்டுக்கு நீங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. 14ஆம் திகதி பகலிலேயே புறப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் மேட்டு லயத்துப் பெண் ஒருவர் முதல் தடவையாக வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனார். டிக்கெட் எடுத்துக்கொடுத்த இடத்தில் "பதினைந்தாம் திகதி இரவு" என்று வாயால் சொல்லிவிட்டார்கள். 15ஆம் திகதி காலை பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுது, சாமி கும்பிட்டுப் புறப்பட்டுப் போனார். விமானம் அதற்கு முன்பே போய்விட்டது. கடனுக்கு எடுத்த பணம். வாயால் சொல்வதை நம்பவேண்டாம். தாளில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளிடம் காட்டினாலும் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளை சரியாகச் சொல்லிவிடும்.

இந்தியாவில் இறங்கினால் கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். அரை மணி வித்தியாசம் என்று சிலர் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கே திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் போய்வந்தவர்களின் ஞாபகம் அது.

அம்மாவுக்கு எழுபது வயது. விமானத்தில் மூச்சு முட்டுமா? காது அடைக்குமா?

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் வெளியே உள்ளதுபோல இருக்காது. அதிகம் போனால் 2,400 மீட்டர் உயரமான இடத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். நுவரெலியா 1,868 மீட்டர். ஹோட்டன் சமவெளி 2,100க்கு மேல். பிறந்ததிலிருந்து மலையில் இருப்பவருக்கு அந்தக் காற்று புதிதல்ல. இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் மட்டும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காது அடைப்பதும் நமக்குப் பழக்கம்தான். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கீழே இறங்கும்போது அடைப்பதேதான். எச்சிலை விழுங்கினால் திறந்துவிடும், ஒரு மிட்டாய் போதும். தடிமன் பிடித்திருந்தால் வலிக்கும். இறங்கும் நேரத்தில் தூங்கவிடாதீர்கள்.

அந்தக் காலத்தில் போய்வர எவ்வளவு நேரம் எடுத்தது?

என் அப்பாயி சொன்னது இது. தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், மறுபடியும் கோச்சி. பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டதோடு அந்த வழி ஒழுங்காகிவிட்டது. கடல் முப்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நாட்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. அதே 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி நம் சனங்களில் 525,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்று முடிவானது. அவர்களை ஏற்றிச் சென்ற கோச்சிக்கு நம் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. சித்தியின் தம்பி போனதும் அப்படித்தான்.

அதற்கும் முன்னால், கோப்பிக் காலத்தில், கோச்சியும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல், நம்மவர் வந்து இருநூறு வருடமானதைக் குறிக்கும் மலையகம் 200 நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள்.

கட்டுநாயக்கவையும் திருச்சியையும் வரைபடத்தில் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு சரியாகப் பாம்பன் மேலாகப் போகும். விமானத்தின் வழி அன்றன்றைக்குச் சற்று மாறும். ஆனாலும் ஜன்னலோரம் கிடைத்தால், புறப்பட்டு அரை மணிக்குள் கீழே பாருங்கள்.

திருச்சியில் இறங்கிய பிறகு?

விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டரில், புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது. புதுக்கோட்டைக்காரருக்கு நகரத்துக்குள் போகவே தேவையில்லை; ஐம்பது கிலோமீட்டருக்குள் ஊர் வந்துவிடும். துறையூர், பெரம்பலூர் போகிறவர்கள் நகரத்துப் பஸ் நிலையத்துக்குப் போகவேண்டும்.

தாயகம் திரும்பிய சொந்தக்காரர்கள் நீலகிரியில் இருந்தால் கணக்கு வேறு. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திருச்சியிலிருந்து கோயம்புத்தூரே 210 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் போய் மலையேறிக் கோத்தகிரி சேர ஏழு மணி நேரமாவது ஆகும். கூடலூர் அதைவிடத் தூரம். அன்றைக்கே போய்ச் சேர நினைத்தால் காலை விமானத்தைப் பிடியுங்கள். ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். திருச்சி வெயிலில் இறங்குகிறவர்களுக்கு அது ஞாபகம் வராது, கோத்தகிரியில் இரவு பஸ்ஸை விட்டு இறங்கும்போது நம் ஹட்டன் குளிர் அங்கே காத்திருக்கும்.